பயனாளியா, பங்காளியா?

(பூலாம்பாடியில் நடந்த தலித் மாணவர் – இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி உதவித்தொகை வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதற்கு நான் தேவையில்லை. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிற தம்பி என்னைவிட நன்றாகச் சொல்லுவான். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போனா ஏத்திக் கொடுத்துடுவான். நான் பேச வந்தது வேற. இந்த விதிகளை எழுதினது யாரு? எழுதறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டாங்க? நம்மளக் கேட்டாங்களா? கேக்கலைன்னா, கேக்க வைக்க முடியுமா? இந்தக் கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

அரசாங்கக் காகிதங்களில் நமக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'பயனாளி'. வீடு கொடுத்தால் பயனாளி, ஆடு கொடுத்தால் பயனாளி, படிக்கிற பிள்ளைக்குக் காசு கொடுத்தாலும் பயனாளி. பயனாளி என்றால் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போகிறவன். எவ்வளவு, எப்போது, ஏன் இவ்வளவுதான் என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லை. நம் ஊரில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. பங்காளி. பாகப்பிரிவினை நடக்கும்போது பங்காளியைக் கூப்பிடாமல் பத்திரம் எழுத முடியாது. எழுதினாலும் நிற்காது. 'என்னைக் கேக்காம எப்படிடா அளந்தே' என்று அவன் நடு வீட்டில் வந்து நிற்பான். நிற்பதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது என்று ஊரே ஒப்புக்கொள்ளும். கல்வி உதவித்தொகையில் நாம் பயனாளியா, பங்காளியா? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காங்கிரஸ் கொடுத்தது, கழகங்கள் கொடுத்தன என்று ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்ட மாணவருக்கான இந்திய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. நாடு விடுதலை அடைவதற்கு மூன்று வருஷம் முன்னால். எப்படி வந்தது? 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைக்கு ஒன்றிய அமைச்சர் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பதவி. பதவி ஏற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. 1942 அக்டோபர் 29 அன்று வைசிராய் லின்லித்கோவிடம் தாழ்த்தப்பட்டோரின் குறைகள் பற்றி ஒரு நீண்ட மனுவைக் கொடுத்தார். சட்டமன்றப் பிரதிநிதித்துவம், அரசுப் பணி, கல்வி, அரசு ஒப்பந்த வேலைகள் என்று அதில் எல்லாமே இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? அவர் அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்தார். இருந்தும் எழுதிக் கொடுத்தார், எண்களோடு எழுதிக் கொடுத்தார். அலிகார் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் தருகிறீர்கள், பெனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று லட்சம் தருகிறீர்கள், எங்கள் மக்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும், வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும், அதற்கு இவ்வளவு தொகை என்று பிரித்துக் காட்டினார். ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாய் வந்தது. இரக்கப்பட்டு எவனும் கொடுக்கவில்லை. கணக்குக் காட்டி, பக்கத்து வீட்டுப் பங்கைக் காட்டி, 'என் பங்கு எங்கே' என்று கேட்டு வாங்கிய தொகை அது.

அவரே 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் கொலம்பியாவுக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷம். திரும்பி வந்து பரோடா அரசில் பத்து வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். வேலைக்குப் போனால், தங்குவதற்குப் பரோடாவில் ஒரு வீடு கிடைக்கவில்லை. தொகை கொடுப்பவனின் நிபந்தனை எப்படி இருக்கும், அந்த நிபந்தனைக்கும் நம் வாழ்க்கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கும் என்பதை அனுபவித்துத் தெரிந்தவர். அதனால்தான் 1942இல் ஒரு மன்னரின் தயவாக இல்லாமல் அரசாங்கத்தின் கடமையாக அதை மாற்றினார்.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் அந்த மாதிரி மேசைக்குப் போயிருக்கிறார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர் இரட்டைமலை சீனிவாசன். பேச்சுவார்த்தை மேசை என்பது நமக்குப் புதுசு இல்லை. நம் தாத்தாக்கள் உட்கார்ந்த இடம். இடையில் நாம்தான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டோம், இல்லையென்றால் எழுப்பி அனுப்பப்பட்டோம்.

*

இனி விதிகளுக்கு வருவோம். மூன்றே மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, செலவை யார் ஏற்பது என்கிற விதி. இது டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற விவகாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஒரு அய்ந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருஷத்தில் ஒரு மாநிலம் இந்த உதவித்தொகைக்கு மொத்தம் நூறு ரூபாய் செலவு செய்திருந்தால், அடுத்த அய்ந்தாண்டில் வருஷா வருஷம் அந்த நூறு ரூபாய் மாநிலத்தின் பொறுப்பு. நூறுக்கு மேல் போனால்தான் டெல்லி தரும். இதுதான் பழைய விதி. இதனுடைய உள்குத்து என்ன தெரியுமா? எந்த மாநிலம் நிறைய தலித் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறதோ அந்த மாநிலம் அதிகமாகச் சுமக்கணும். பிள்ளைகளைப் படிக்க வைக்காத மாநிலத்துக்குச் சுமையே இல்லை. நல்லா ஓடுற மாட்டுக்குத்தான் சாட்டையடி.

பன்னிரண்டாவது அய்ந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சோடு முடிந்தது. திட்டக் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஆனால் இந்த விதி மட்டும் சாகவில்லை. தமிழ்நாட்டின் தலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் விழுந்தது. 2017-18 முதல் 2019-20 வரை, நாடு முழுவதற்குமே ஒன்றிய அரசு சராசரியாக ஆண்டுக்கு 1,100 கோடிதான் கொடுத்தது. ஒரு மாநிலத்தின் சுமையைவிட மொத்த இந்தியாவுக்கும் டெல்லி கொடுத்தது குறைவு. பஞ்சாபில் பாக்கி நின்றுபோய், கல்லூரிகள் பட்டச் சான்றிதழைக் கொடுக்க மறுத்தன. மாநில அரசுகள் கடிதம் எழுதின. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. தலித் அமைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டைப் பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்டன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது: இனி 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம். அய்ந்து ஆண்டுக்கு மொத்தம் 59,048 கோடி, அதில் ஒன்றியத்தின் பங்கு 35,534 கோடி.

மோடி அரசு வாரி வழங்கியது என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். மூன்று வருஷம் நிறுத்தி வைத்திருந்த சோற்றைத் திரும்பப் போட்டதற்குப் பெயர் வழங்கல் இல்லை. ஆனால் ஒன்று உண்மை. விதி மாறியது. மாறவே மாறாது என்று சொன்ன விதி மாறியது. பல பேர் பல பக்கத்திலிருந்து இழுத்ததால் மாறியது.

இரண்டாவது, கட்டணத்தை யார் கையில் கொடுப்பது என்கிற விதி. 2012 செப்டம்பரில் தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை எண் 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிற தலித், பழங்குடி, மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான கட்டாயக் கட்டணத்தை அரசே ஈடுகட்டும் என்றது. சேரியிலிருந்து ஒரு தலைமுறையே பொறியியல் கல்லூரிக்குள் போனதில் அந்த ஒரு தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரி முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அரசாணை இருக்கட்டும், நீ முதலில் கட்டு, அரசாங்கம் கொடுத்ததும் திருப்பித் தருகிறேன் என்றார்கள். காலியாகக் கிடந்த நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை நம் பிள்ளைகளை வைத்து நிரப்பிப் பணம் பார்த்தவர்களும் உண்டு. இந்த ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி 2018இல் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. எப்படித் திருத்தியது? நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவருக்கு உதவித்தொகை கிடையாது. தப்பு செய்தவன் கல்லூரிக்காரன், தண்டனை பிள்ளைக்கு. விதி எழுதின அறையில் ஒரே ஒரு தலித் மாணவி உட்கார்ந்திருந்தால், 'அய்யா, கல்லூரியைப் பிடிங்க, என்னை ஏன் பிடிக்கிறீங்க' என்று கேட்டிருப்பாள். கேட்க ஆளில்லை.

பிறகு 2021-22 முதல் இன்னொரு மாற்றம். மாநிலம் தன் 40 பங்கை முதலில் போட வேண்டும். அதன் பிறகு ஒன்றியத்தின் 60 பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். மாணவர் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். இதில் நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. கல்லூரிக்காரன் முழுங்கிய காசு இப்போதாவது பிள்ளை கைக்கு வருகிறதே என்கிறார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு கடைசியாக இணைந்ததோ அதற்குத்தான் பணம் போகும். அது எந்தக் கணக்கு என்று பிள்ளைக்கே தெரியாது. நூறு நாள் வேலைக்கு அம்மா திறந்து கொடுத்த கணக்கு, மூன்று வருஷமாகத் தூங்குகிற கணக்கு. மாநிலம் தாமதித்தால் ஒன்றியம் தாமதிக்கும். அதுவரை கல்லூரிக்குக் கடன்காரர் யார்? முன்பு அரசாங்கம் கடன்காரனாக இருந்தது. இப்போது பதினெட்டு வயசுப் பிள்ளை கடன்காரி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஊர் பெயரும் கல்லூரி பெயரும் வேண்டாம். இரண்டாம் வருஷப் பரிட்சைக்கு ஹால் டிக்கெட் தர மாட்டேன் என்றது கல்லூரி. அறுபது பங்கு இன்னும் வரவில்லையாம். அது வராததற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் போய்ப் பேசினோம். 'எங்களுக்கும் விதி இருக்கு சார்' என்றார் அங்கிருந்தவர். அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள், பரிட்சை எழுதினாள். பணம் அடுத்த வருஷம்தான் வந்தது. அடகுக் கடை வட்டியை எந்த அரசாங்கம் ஈடுகட்டும்? அந்த விதியில் வட்டிக்கு ஒரு வரி இல்லை. ஏனென்றால் எழுதியவன் வீட்டில் யாரும் கம்மல் கழற்றியதில்லை.

மூன்றாவது விதி, தொகையின் அளவு. இதைக் கொஞ்சம் கணக்கோடு பாருங்கள். கையில் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். 2010இல் வந்த திருத்தத்தில், வீட்டிலிருந்து போய்வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற மாணவருக்கு மாதம் 300 ரூபாய். பத்து மாதம் என்று வைத்தால் வருஷத்துக்கு 3,000. 2021இல் வந்த புது வழிகாட்டுதலில் அதே மாணவருக்கு வருஷத்துக்கு எவ்வளவு? 3,000. பதினோரு வருஷத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 230 இருந்தது, அதாவது 2,300. அது 2,500 ஆனது. இருநூறு ரூபாய் ஏத்தம்! இந்தப் பதினோரு வருஷத்தில் பஸ் டிக்கெட் எவ்வளவு ஏறியது, நோட்டுப் புத்தகம் எவ்வளவு ஏறியது, ஒரு டீ எவ்வளவு ஏறியது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

வருமான வரம்பையும் பாருங்கள். 2013இல் இரண்டரை லட்சம் என்று வைத்தார்கள். 2021 வழிகாட்டுதலிலும் அதே இரண்டரை லட்சம். மாசத்துக்கு இருபதாயிரத்துச் சொச்சம். நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளியாக இருக்கிற அப்பனுடைய பிள்ளைக்கு இந்த வரம்பு தாண்டிவிடும். அதே அரசு 2019இல் பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய சாதியார் என்று ஒரு ஒதுக்கீடு கொண்டுவந்தது. அங்கே வரம்பு எட்டு லட்சம். எட்டு லட்சம் வாங்குகிறவர் அங்கே ஏழை. இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் இங்கே பணக்காரன். இதற்கு எந்தப் பொருளாதார நிபுணர் விளக்கம் சொல்லுவார்? சாதிதான் விளக்கம் சொல்லும். யார் அந்த அறைக்குள் இருந்தார்கள் என்பது சொல்லும்.

*

சரி, அறைக்குள் போவது எப்படி? இப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் எங்காவது இருக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கிறது. அமெரிக்காவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. கறுப்பின மக்களை அவர்கள் நடத்துகிற விதம் நமக்குத் தெரியும். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் உருவானபோது கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் பெயரை எடுத்தார்கள். ஆனால் அங்கே ஒரு நடைமுறை உண்டு. மாணவர் உதவித்தொகை, கல்விக் கடன் பற்றிய விதிகளை ஒன்றியக் கல்வித் துறை எழுதுவதற்கு முன்னால், அந்த விதியால் பாதிக்கப்படுகிறவர்களைக் கூட்டிவைத்துப் பேசியாக வேண்டும் என்று 1992இல் உயர்கல்விச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

எப்படி நடக்கும்? முதலில் இன்ன விஷயத்தில் விதி எழுதப் போகிறோம் என்று அறிவிப்பு. பொதுமக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம். பிறகு பெயர்களைக் கேட்டு வாங்குகிறார்கள். மாணவருக்கு நாற்காலி, கடன் வாங்கியவருக்கு நாற்காலி, அரசுக் கல்லூரிக்கு, தனியார் கல்லூரிக்கு, லாபக் கல்லூரிக்கு, கடன்காரர்களுக்காக வாதாடுகிற சட்ட உதவி அமைப்புக்கு என்று தனித்தனி நாற்காலி. கல்வித் துறைக்கும் அதே மேசையில் ஒரு நாற்காலிதான். பல நாள், சில சுற்று உட்கார்ந்து வரிவரியாகப் பேசுகிறார்கள். மேசையில் இருப்பவர் எவரும் மறுப்புச் சொல்லவில்லை என்றால்தான் ஒப்புதல். ஒப்புதல் வந்துவிட்டால் அந்த வாசகத்தைத்தான் துறை வரைவாக வெளியிட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஒப்புதல் இல்லை, அப்போது துறை தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். எப்படி எழுதினாலும் வரைவை வெளியிட்டு மீண்டும் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். நவம்பர் 1க்குள் இறுதி விதி வந்தால்தான் அடுத்த ஜூலை 1 முதல் அமலாகும். படிக்கிற வருஷத்தின் நடுவில் விதியை மாற்றி மாணவனைத் தவிக்கவிடக் கூடாது என்பதற்காக இந்தத் தேதி.

இதிலும் ஓட்டை இருக்கிறது. லாபக் கல்லூரிக்காரன் சம்பளத்துக்கு வக்கீல் வைத்துக்கொண்டு வருவான். மாணவன் வகுப்பை விட்டுவிட்டு வருவான். ஒரே ஒரு நாற்காலி முறுக்கிக்கொண்டால் மொத்தப் பேச்சும் போச்சு. ஆட்சி மாறினால் முன்னே எழுதின விதியைப் பின்னே வந்தவன் அழிப்பான். எல்லாம் உண்மை. ஆனாலும் கூப்பிடாமல் எழுத முடியாது என்கிற ஒரு வரி சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் நான் பங்காளி உரிமை என்கிறேன்.

இங்கே என்ன நிலைமை? நம் உதவித்தொகை சட்டமாக இல்லை, திட்டமாக இருக்கிறது. சட்டம் என்றால் மன்றத்தில் விவாதம் உண்டு. திட்டத்துக்கு ஒரு வழிகாட்டுதல் சுற்றறிக்கை போதும். ஒரு அதிகாரி கையெழுத்தில் மாறிவிடும். சட்டங்களையும் விதிகளையும் கொண்டுவருமுன் வரைவை முப்பது நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசே ஒரு கொள்கை முடிவு எடுத்தது. எடுத்ததோடு சரி, அதை மீறினால் கேட்பார் இல்லை.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். தலித் மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறதல்லவா, 2022 பிப்ரவரியில் அதன் விதியைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆய்வு செய்ய இனி இந்தத் தொகை கிடையாது. அதாவது சேரியிலிருந்து போகிற ஒருவர் லண்டனில் உட்கார்ந்து சாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கூடாது. அம்பேத்கர் கொலம்பியாவில் 1916இல் இந்தியாவில் சாதிகள் பற்றித்தான் கட்டுரை வாசித்தார். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கே தொகை கிடைத்திருக்காது. யாரைக் கேட்டு எழுதினார்கள்?

ஆனால் நம் அரசமைப்புச் சட்டத்தில் நமக்கும் ஒரு வரி இருக்கிறது, தோழர்களே. பலருக்கும் தெரியாத வரி. பிரிவு 338, உட்பிரிவு 9. தாழ்த்தப்பட்டோரைப் பாதிக்கிற முக்கியக் கொள்கை விஷயங்கள் அனைத்திலும் ஒன்றிய அரசும் ஒவ்வொரு மாநில அரசும் தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தைக் கலந்து பேச வேண்டும் என்று அது சொல்கிறது. பேசலாம் என்று சொல்லவில்லை, பேச வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் மாநில ஆணையமும் வந்துவிட்டது. கதவு இருக்கிறது. அதை நாம் தட்டுவதில்லை. அடிதடி, கொலை என்றால்தான் ஆணையத்துக்கு ஓடுகிறோம். விதி எழுதும்போது ஓடுவதில்லை.

*

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வரணும். 'தோழர், நாம போராட்ட இயக்கம். மனு எழுதுறது, மேசையில உக்காந்து பேசறது எல்லாம் சமரசம். நம்மாளக் கூட்டிட்டுப் போய் டீ கொடுத்து, கையெழுத்து வாங்கி, மாணவர் பிரதிநிதியே ஒத்துக்கிட்டார்னு சொல்லிடுவான்' என்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மக்கள் நாம். மேசைக்கு வெளியே ஒரு உயிர் பணயமாக வைக்கப்பட்டால் மேசையில் என்ன நடக்கும் என்று 1932இலேயே தெரிந்துகொண்டோம்.

அதனால்தான் சொல்கிறேன், தெருவும் வேண்டும், கோப்பும் வேண்டும். 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு முடிவெடுத்தது. தகுதித் தேர்வு எழுதாமல் ஆய்வு செய்கிறவர்களுக்குக் கொடுத்துவந்த தொகையை நிறுத்துவது என்று. எம்.ஃபில்.லுக்கு மாதம் 5,000, பிஎச்.டி.க்கு 8,000. டெல்லியில் மாணவர்கள் அந்த அலுவலக வாசலிலேயே படுத்தார்கள். தடியடி வாங்கினார்கள். நிறுத்தவில்லை, தொடரும் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. கூடவே ஒரு மறு ஆய்வுக் குழுவையும் போட்டது. தெருவில் இருந்ததால் தொகை தப்பியது. ஆனால் தொகையை ஏற்றுவது பற்றி முடிவு செய்யும் இடம் மறுபடியும் அறைக்குள்ளேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, அய்தராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தார். ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வர வேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் அவர் எழுத வேண்டியிருந்தது. உதவித்தொகையை நிறுத்துவது ஒரு நிர்வாக நடவடிக்கை என்று இனி எவனும் நம்மிடம் சொல்ல முடியாது.

பக்கத்து மாவட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 2017இல் நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டவர். மூட்டை தூக்குகிற தொழிலாளியின் மகள், விதியை எழுதியவனை நீதிமன்றத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அவரைச் சாகடித்த அமைப்பைப் பற்றி நிறைய பேசியிருக்கிறோம். அவர் செய்த வேலையைப் பற்றிக் குறைவாகப் பேசியிருக்கிறோம். 'நானும் ஒரு தரப்பு' என்று சொன்னாரே, அந்த வேலைதான் தொடர வேண்டியது.

*

பூலாம்பாடியிலிருந்து என்ன செய்ய முடியும்? 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. கையெழுத்துப் போடுகிற மேசை பக்கத்தில் வந்துவிட்டது. விதி எழுதுகிற மேசை பக்கத்தில் வரவில்லை. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர் தலித்துகள். மாநிலத்தில் இருபது பேர். பெரம்பலூர் தனித்தொகுதி. ஆள் இருக்கிறோம், தொகுதி இருக்கிறது. நம்மிடம் இல்லாதது கணக்கு. 1942இல் அம்பேத்கர் கையில் இருந்தது, நம் கையில் இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டு. தெருத்தெருவாக, யார் என்ன படிக்கிறார்கள், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள், மாநிலப் பங்கு எப்போது வந்தது, ஒன்றியப் பங்கு எப்போது வந்தது, கல்லூரி முன்பணம் கேட்டதா, சான்றிதழைப் பிடித்து வைத்ததா, கடன் வாங்கினார்களா, வட்டி எவ்வளவு. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018லேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேப்பந்தட்டை வட்டத்தில் பத்து ஊரில் இப்படி எடுத்தால், அந்த நோட்டை எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாது. நாம் சொல்வதை 'புகார்' என்பான். நாம் காட்டுகிற தேதியைப் புகார் என்று சொல்ல முடியாது. மாவட்டத்தின் மொத்தக் கணக்குக்குப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, யார் பேசப் போவது என்று நாமே முடிவு செய்வது. மேடையில் நன்றாகப் பேசுகிற ஆம்பளப் பசங்களை மட்டும் அனுப்பினால், நமக்குள்ளேயே ஒரு பங்காளியை விட்டுவிட்டுப் பாகம் பிரித்ததாகும். விடுதியில் இருக்கிற பெண் வேண்டும். அருந்ததியர் தெருப் பிள்ளை வேண்டும். ஒன்றிய அரசின் உதவித்தொகை கிடைக்காமல் மாநிலத் தொகையை மட்டும் நம்பியிருக்கிற தலித் கிறித்துவர் வேண்டும். ஒருவரே அய்ந்து வருஷம் பிரதிநிதியாக இருக்க வேண்டாம். வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். போய்ப் பேசிவிட்டு வந்தால், என்ன பேசினோம், எதை விட்டுக்கொடுத்தோம் என்று இதே இடத்தில் வந்து சொல்ல வேண்டும். சொல்லாதவர் அடுத்த முறை போகக் கூடாது. டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

மூன்றாவது, கோரிக்கையை வாசகமாக எழுதுவது. 'உதவித்தொகையை உயர்த்து' என்று சுவரில் எழுதலாம். மேசையில் அது போதாது. இப்படி எழுதணும்: தொகை வரவில்லை என்ற காரணத்தால் எந்தக் கல்லூரியும் ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கல்லூரி மீது நடவடிக்கை. கல்விக் கட்டணத்தின் கடன்காரர் அரசு, மாணவர் இல்லை. பராமரிப்புத் தொகை மட்டும் மாணவர் கணக்குக்கு, மாதா மாதம். விலைவாசி ஏறினால் தொகையும் வருஷா வருஷம் ஏறணும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறுகிற மாதிரி. வருமான வரம்பு எட்டு லட்சம், அவர்களுக்கு என்னவோ அதுவே நமக்கும். ஆணையத்தைக் கலக்காமலும், மாணவர்களைக் கேட்காமலும் வழிகாட்டுதலைத் திருத்தக் கூடாது. படிக்கிற வருஷத்தின் நடுவில் விதி மாறக் கூடாது.

இதை எங்கே கொடுப்பது? ஆதிதிராவிடர் நலத்துறைக்கு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால் கொடுக்கணும், வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் 338(9) என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுக்கணும். நாடாளுமன்றத்தின் சமூகநீதி நிலைக்குழுவுக்கு, எந்தக் கட்சியாக இருந்தாலும் நம் பகுதி உறுப்பினர் வழியாகக் கொடுக்கணும். 2020 டிசம்பர் முடிவு 2025-26 வரைக்கும் என்று காலம் வைத்து எடுத்த முடிவு. ஒவ்வொரு காலம் முடியும்போதும் டெல்லியில் விதிப் புத்தகம் மேசைக்கு வரும். பேனா திறந்திருக்கிற அந்த நேரத்தில் நம் கணக்கு அங்கே இருக்க வேண்டும். பேனா மூடினபிறகு மறியல் செய்தால் அடுத்த அய்ந்து வருஷம் காத்திருக்கணும்.

கொடுத்த பிறகும் கேட்கவில்லை என்றால்? அப்போது தெரு இருக்கவே இருக்கிறது. நோட்டோடு தெருவுக்கு வருகிற கூட்டமும் வெறுங்கையோடு வருகிற கூட்டமும் ஒன்றில்லை என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். கேள்வி முடிந்ததும், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். முதல் நோட்டின் முதல் பக்கத்தை இன்றைக்கே, இங்கேயே எழுதிவிடலாம். அம்மாக்களும் இருங்கள். வட்டிக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

ஜெய்பீம்.